மைக்செட் பாஷை படித்த கதை

அவள் பெயரை நான் முதன்முதலில் கேட்டது டெலிபோனில். என் சின்னக்கா கூப்பிட்டு, "எம் பெரியவனுக்குப் பொண்ணு முடிவாயிடுச்சுடி" என்றாள்.

"பேர் என்னக்கா?"

"பேர் ஏதோ நல்ல பேர்தான். ஆனா அவங்க பக்கத்துல யாரைக் கேட்டாலும் மைக்செட்டுன்னுதான் சொல்றாங்க."

"எதுக்கு அப்படி?"

"ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து பாரு, நீயே சொல்லுவே."

உட்கார்ந்து பார்த்தேன். சரியான பெயர்தான். அவள் அம்மா என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஆக பெரியவனுக்கு அவள் அத்தை மகள் முறை. அந்த வீட்டில் எல்லோருக்குமே வாய் கொஞ்சம் நீளம். அவள் தாய்மாமன் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டே நின்று ஒரே நாளில் மூன்று பஸ்ஸை விட்டவர். ஆனால் அவரும் இவள் முன்னால் கேட்கிற பக்கம்தான். காலையில் பல் விளக்கும்போது தொடங்கினால் நடுவில் தண்ணீர் குடிப்பதற்குத்தான் நிறுத்துவாள். அந்தப் பேச்சில் பொல்லாங்கு மட்டும் இருக்காது. யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் மருமகள் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கடையில் சோப்பு கரைந்து போகிறது, எல்லாம் வரும். கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கே மனசு லேசாகிவிடும்.

இரண்டு வருஷம் கழித்துச் சின்னவனுக்கும் கல்யாணமாயிற்று. வந்தவள் நேர் எதிர். சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். சாப்பிட்டதாகவா, இல்லை என்றா, அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் ஓரகத்திகள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்திக்குப் பேச வேண்டும், இன்னொருத்திக்குப் பேசாமல் இருக்க வேண்டும். அதைவிடப் பொருத்தம் வேறென்ன?

பிறகு அண்ணன் தம்பி இருவரும் பிழைப்புக்காக வேறு பாஷை பேசுகிற ஊருக்குக் குடும்பத்தோடு போனார்கள். என் மகள் வீடும் அந்தத் தெருவில்தான், நானும் அவளோடு இருந்தேன். அதனால் இனிச் சொல்வதில் பாதி நான் பார்த்தது, மீதி அவர்கள் சொல்லிக் கேட்டது.

அந்த ஊரில் மைக்செட்டின் சத்தம் அடங்கிப்போயிற்று. கடையில் விரலை நீட்டி வாங்குவாள். பஸ்ஸில் சில்லறையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், கண்டக்டரே பொறுக்கிக்கொள்வார். "தெருவுக்குப் போறப்ப என் நாக்கைக் கழற்றி அலமாரியில வச்சுட்டுப் போற மாதிரி இருக்கு சித்தி" என்று என்னிடம் சொன்னாள். சின்னவளுக்கு அந்த ஊர் சொர்க்கம். அவளை அங்கே யாரும் ஏன் பேசவில்லை என்று கேட்பதில்லை.

இருவருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வார்டுகளிலிருந்து நீல நிறப் பைகளில் அழுக்குத் துணி வரும். ஓர் அறை அளவுக்கு மெஷின்கள். அதில் துவைத்து வந்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நீராவி உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். எல்லோருக்கும் பச்சை உடுப்பு, தலைக்குக் குல்லாய், மூக்கு வாய்க்குத் துணி முகமூடி. மெஷின் இரைச்சலில் எந்தப் பாஷையும் காதில் விழாது. அதனால்தான் பாஷை தெரியாதவர்களை அங்கே எடுத்தார்கள்.

மூன்றாவது வருஷம் செய்தி வந்தது. சலவைக்கூடத்தை மூடப்போகிறார்கள், துணியை வெளியே கொடுத்து வெளுக்கப்போகிறார்கள். வேலை செய்கிற இருபத்து நான்கு பேரில் ஊர்ப்பாஷையில் பேச்சுப் பரீட்சை தேறுகிறவர்களுக்கு வார்டில் உதவியாளர் வேலை. தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில் அப்போது பெரியவனுக்கு இடுப்பு வலி. வெல்டிங் பட்டறைக்கு ஒரு நாள் போனால் இரண்டு நாள் படுப்பான். ஆகையால் அந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கும் மேலே ஓர் ஆசை. "வார்டுன்னா நோயாளிங்க இருப்பாங்க சித்தி, அவங்களைப் பார்க்க வர்ற ஆளுங்க இருப்பாங்க. நாள் பூரா மனுஷங்க. யோசிச்சுப் பாருங்க" என்றாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

பரீட்சைக்கு முன்னால் பாடம் சொல்லித்தர ஏற்பாடாயிற்று. தினமும் வேலை முடிந்ததும் ஒன்றரை மணி நேரம், கேண்டீனுக்குப் பின்னால் இரண்டு அறைகளில். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மா வந்து நடத்தினார். பெரியவர்கள் இன்னொரு பாஷையை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவர். நம் ஆட்கள் அவரை ஆராய்ச்சிக்காரம்மா என்றார்கள். அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல மருத்துவமனைப் பதிவறையில் வேலை பார்த்த நம்மவர் ஒருவர் வந்தார். ரெஜிஸ்டர் அண்ணன் என்பார்கள். சுற்றி வளைத்தால் என் நாத்தனார் வழியில் எனக்குச் சம்பந்தி முறை வேண்டும், அது இப்போது வேண்டாம்.

முதல் நாள் எல்லோரையும் ஐந்து நிமிஷம் ஊர்ப்பாஷையில் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். சிவப்பு அட்டைக்காரர்கள் முதல் நாளிலிருந்தே வாயைத் திறந்து பேச வேண்டும். தப்பானாலும் பேச வேண்டும். நீல அட்டைக்காரர்கள் பன்னிரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது, கேட்க மட்டும்தான். வாத்தியார் ஊர்ப்பாஷையில் எழுந்திரு, ஜன்னலைத் திற, தலையணையை நாற்காலியில் வை என்பார். செய்து காட்ட வேண்டும். எந்தக் கூட்டத்துக்குப் பாஷை நன்றாக வருகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

குலுக்கலில் சின்னவளுக்குச் சிவப்பு அட்டை, எண் ஏழு. மைக்செட்டுக்கு நீல அட்டை, எண் பன்னிரண்டு.

"அண்ணே, இது அநியாயம். அந்தம்மாகிட்ட சொல்லி மாத்திக் கொடுங்க" என்று ரெஜிஸ்டர் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்தினா அது ஆராய்ச்சி இல்லையாம்மா. சீட்டு எப்படி விழுந்துச்சோ அப்படித்தானாம்."

"பன்னிரண்டு வாரமா? நான் செத்துட்டேன்னு பொட்டலம் கட்டிடுவாங்களே!"

"கொஞ்சம் காதுக்கும் வேலை கொடும்மா. அது பாவம், நீ பொறந்த நாள்லேர்ந்து சும்மாவே கிடக்கு."

முதல் இரண்டு வாரம் எப்படியோ ஓட்டினாள். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் அடைத்து வைத்ததெல்லாம் கொட்டும். வீடு வரைக்கும் பஸ்ஸில் இருக்கிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்களாம். சின்னவள் பாடு அதைவிட மோசம். சிவப்பு வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி நிற்க வைத்துப் பேசச் சொல்வார்கள். இவள் எழுந்து நின்று கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வாத்தியார் நல்ல மனுஷிதான், சிரித்துக்கொண்டே காத்திருப்பாராம். காத்திருக்கக் காத்திருக்க இவளுக்குப் பேச்சு இன்னும்தான் வராது. ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுவாள். மைக்செட் வெளியே நின்று கதவைத் தட்டி, "வா கண்ணு, பஸ் போயிடும்" என்பாள்.

"நாளைலேர்ந்து நான் வரலைக்கா. வேலை போனாப் போகட்டும்" என்றாள் சின்னவள் ஒரு வெள்ளிக்கிழமை.

அந்த ஆராய்ச்சியில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒரு வாத்தியார் கெட்டிக்காரி, இன்னொருவர் சுமார் என்று இருந்தால் பாஷை வந்தது வாத்தியாராலா, முறையாலா என்று தெரியாமல் போகுமாம். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாத்தியார்கள் அறை மாறிக்கொள்வார்கள். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை இரண்டு அறைக்கும் புது வாத்தியார். நம் ஆட்கள் சலவைக்கூடத்திலிருந்து நேரே வருவார்கள், குல்லாயும் முகமூடியுமாக. அட்டையில் படம் கிடையாது, எண் மட்டும்தான். ஓரகத்திகள் இருவரும் ஒரே உயரம்.

கேண்டீன் வாசலில் மைக்செட் நின்றாள். கழுத்திலிருந்த நீல அட்டையைக் கழற்றினாள்.

"உன்னுதைக் கொடு."

"அக்கா, தெரிஞ்சா?"

"யாருக்குத் தெரியும்? அவங்களுக்கு வேண்டியது ஒரு ஏழு, ஒரு பன்னிரண்டு. எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு?"

அவளுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. வீட்டில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருத்தி அவள் வேலையைப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. கூட இருந்தவர்களும் எல்லாம் வேலையிடத்துச் சிநேகம். யாரும் மூச்சு விடவில்லை, ரெஜிஸ்டர் அண்ணனும்கூட.

அன்றைக்குப் பிறகு சிவப்பு அறையில் ஏழாம் எண் போட்ட போடு! இலக்கணமாவது ஒன்றாவது. தெரிந்த பத்து வார்த்தையை வைத்துக்கொண்டு கையையும் கண்ணையும் சேர்த்துப் பேசினாள். இல்லாத வார்த்தைக்கு நடித்துக் காட்டினாள். வாத்தியார் சிரித்துச் சிரித்துப் பாடத்தை மறந்தார். ஐந்தாம் வாரம் திரும்பி வந்த பழைய வாத்தியாரும், முகமூடிக்குள் இருப்பது வேறு ஆள் என்று தெரியாமல், ஏழாம் எண்ணுக்குக் கூச்சம் போய்விட்டதே என்று மெச்சினாராம். நீல அறையில் சின்னவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். தலையணையை வை என்றால் வைத்தாள், கதவைச் சாத்து என்றால் சாத்தினாள். அழுகை நின்றது. வீட்டில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

எட்டாம் வாரம் ஆராய்ச்சிக்காரம்மா ஏழாம் எண்ணைத் தன் அறைக்கு அழைத்தார். அவர் வகுப்புக்கு வருவது அபூர்வம். பதிவுகளையும் கேட்பதில்லையாம், அதைக் கேட்டு எழுதுகிற ஆட்கள் கொடுக்கும் தாள்களைத்தான் பார்ப்பார். மைக்செட் முகமூடியோடு போய் நின்றாள். ரெஜிஸ்டர் அண்ணன் பக்கத்தில்.

"முதல் நாள் இவங்க அஞ்சு நிமிஷத்துல பேசினது நாலு வார்த்தை. இப்ப நூத்துக்கு மேல. வகுப்பிலேயே இவங்கதான் முதல்" என்று அம்மா பூரித்துப்போனார். அடுத்த வாரம் நிர்வாகத்துக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறாராம். கூச்சப்படுகிறவர்களை முதல் நாளிலிருந்தே எழுப்பிப் பேச வைத்தால் கூச்சம் ஓடிவிடும் என்பதற்கு இந்த ஏழாம் எண்தான் சாட்சியாம். இனி வரப்போகிற சமையற்கூடத்து ஆட்கள் எல்லோருக்கும் சிவப்பு அறைப் பாடம்தான்.

மைக்செட் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள். பஸ்ஸிலும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. பெரியவன் பயந்துபோய் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினான்.

நான் போய் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள். "சமையற்கூடத்துல காய் நறுக்குற அம்மா ஒருத்தங்க இருக்காங்க சித்தி. நம்ம பாஷையிலேயே அவங்களுக்குப் பேச்சு திக்கும். அவங்களை எழுப்பி நிக்க வைப்பாங்க. இவ அழுத அதே கழிவறையில போய் அழுவாங்க. எல்லாம் என் வாயால."

"அதுக்கு இப்ப என்ன பண்ணப்போறே?" என்றான் பெரியவன்.

"போய்ச் சொல்லிடப்போறேன்."

சின்னவள் அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "சொன்னா ரெண்டு பேரையும் வெளியே தள்ளுவாங்க. பரீட்சை எழுத விடமாட்டாங்க. உங்க வேலை மட்டுமில்லக்கா, என் வேலையும்தான்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா? காய் நறுக்குற அம்மா பாடு அவங்களோட. நான் உங்ககிட்ட மாத்திக்கச் சொல்லிக் கேட்டேனா? நீங்களாத்தானே கழற்றினீங்க?"

"ஆமா. நான்தான் கழற்றினேன்."

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன் வாய் சும்மா இருந்தா உலகம் நின்னுடுமா?" என்று பெரியவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சின்னவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் ஆராய்ச்சிக்காரம்மாவிடம் போனாள். ரெஜிஸ்டர் அண்ணன், "நீ தமிழ்ல சொல்லு, நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்" என்றிருக்கிறார். வேண்டாம் என்று முகமூடியைக் கழற்றினாளாம். ஊர்ப்பாஷையில் அவள் சொன்னதை அண்ணன் எங்களுக்கு அப்படியே திருப்பிச் சொன்னார்: "நான் ஏழு இல்லை. ஏழு அவள். என் தங்கை மாதிரி. நான் பன்னிரண்டு. அட்டை மாற்றினது நான். அவள் நின்றால் பேச்சு வராது. அவள் அழுகை, கழிவறை, தினமும். கூட்டத்தில் ஏழு சொல்ல வேண்டாம். ஏழு பொய். பரீட்சை, அவளுக்குக் கொடுங்கள்."

அம்மா உட்கார்ந்துவிட்டாராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். எட்டு வார வேலையில் ஓட்டை விழுந்தால் யாருக்குத்தான் வலிக்காது? கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "எந்தத் தேதியிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். தேதியைச் சொன்னாள். எழுதிக்கொண்டார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. இருவரும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்படுகிறார்கள், இனி வகுப்புக்கு வரக் கூடாது. பரீட்சை மருத்துவமனையுடையது, அதில் தனக்குச் சம்பந்தமில்லை, எழுதலாம். கூட்டத்தில் அந்த அம்மா, இன்னும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, இந்த முறைதான் எல்லோருக்கும் என்று இப்போது வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ரெஜிஸ்டர் அண்ணன் சொன்னார். பின்னால் அச்சாகி வந்த அறிக்கையையும் அவர் படித்துக் காட்டினார். இவ்வளவு அமர்க்களமும் அதில் ஒரே வரி: இருவர் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. வகுப்பு இல்லை. "இனி உங்களோட பேச மாட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டாள் சின்னவள். அவள் பேசாமலிருப்பது புதிதல்ல, ஆனால் இது வேறு மாதிரி. ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்பது நாள். மைக்செட் என்ன கேட்டாலும் சுவரிடம் கேட்ட மாதிரி.

பத்தாம் நாள் காலை நான் அங்கே இருந்தேன். சின்னவள் கையில் கொதிக்கிற பாத்திரம், வழியில் மைக்செட் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் நின்றாள். பிறகு ஊர்ப்பாஷையில், வாத்தியார் சொல்கிற அதே தோரணையில், "எழுந்திரு. நாற்காலியை எடு. ஜன்னல் பக்கம் வை" என்றாள்.

மைக்செட் வாயைப் பிளந்தாள். எழுந்தாள். நாற்காலியை எடுத்தாள். ஜன்னல் பக்கம் வைத்தாள்.

"பேச மாட்டேன்னியே?"

"தமிழ்லதானே பேச மாட்டேன்னேன்" என்றாள் சின்னவள், முகத்தைத் திருப்பிக்கொண்டே. மைக்செட் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது.

அன்றிலிருந்து வீடே வகுப்பாயிற்று. சின்னவள் ஆறு வாரம் காதில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது, அளந்து அளந்து, ஒரு எழுத்துப் பிசகாமல். மைக்செட் தன் ஓட்டைப் பேச்சை அவளிடம் எடுத்துவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை விடமாட்டாள். ஓரகத்தியிடம் பேசச் சின்னவள் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அண்ணன் தம்பி இருவரும் நோயாளிகள். பெரியவன் நிஜமாகவே இடுப்பு வலியோடு படுத்திருந்ததால் நடிக்கக்கூட வேண்டியதில்லை. "உங்க பாஷை வர்றதுக்குள்ள என் உயிர் போயிடும், தண்ணியைக் கொடுங்கடி" என்று தமிழில் கத்துவான். ஊர்ப்பாஷையில் கேட்டால்தான் தண்ணீர்.

பரீட்சையில் ஒரு கட்டிலில் ஒருவர் நோயாளியாகப் படுத்திருந்தார், இருவர் பக்கத்தில் உட்கார்ந்து மார்க் போட்டார்கள். சின்னவள் போனாள். நோயாளி சொன்னதை முடிவுவரை கேட்டாள், இரண்டு வார்த்தை சொன்னாள், கேட்டதைச் செய்தாள். தேறிவிட்டாள்.

மைக்செட் போனாள். நோயாளி ஜன்னலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியதும் தண்ணீர் கொடுத்தாள். தலையணையை உயர்த்தினாள். எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள், வீட்டிலிருந்து யாரும் பார்க்க வந்தார்களா என்று கேட்டாள். மார்க் போடுகிறவர்களும் சிரித்தார்களாம். ஜன்னல் கடைசிவரை திறந்தே இருந்தது. கேட்டுப் புரிந்துகொள்வதில் தேறவில்லை என்று தாள் வந்தது.

"பாதிக் கேள்வியிலேயே எனக்குப் பதில் வந்துடுச்சு சித்தி" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. அன்றைக்குச் சின்னவள் தனக்கு வந்த தாளை யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சலவைக்கூடத்தை மூடினார்கள். சின்னவள் வார்டுக்குப் போனாள். மைக்செட் வீட்டில். தேறாதவர்கள் மறுபடி எழுதலாம் என்றார்கள், ஆனால் அடுத்த பரீட்சை மூன்று மாதம் கழித்து.

ஒரு வாரம் சுருண்டு கிடந்தாள். பிறகு சின்னவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று கிளம்பினாள். சாப்பாடு ஒரு மணிக்கு, இவள் பத்து மணிக்கே போய்விடுவாள். வெளிநோயாளிகள் காத்திருக்கிற பெரிய கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் பேசுவதைக் கேட்பாள், முடிகிறவரை கேட்பாள். கிழவர் மருமகனைத் திட்டுவது, தாய் பிள்ளையை அதட்டுவது, டோக்கன் கொடுக்கிறவன் எரிந்து விழுவது. நான் ஒருநாள் கூடப் போனேன். ஒரு பெண் இவளிடம் அரை மணி நேரம் தன் கஷ்டத்தையெல்லாம் கொட்டினாள். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"முழுக்கப் புரிஞ்சுதா?" என்றேன் வெளியே வந்ததும்.

"முக்கால்வாசி. அவ அண்ணி சரியில்ல சித்தி. அதுக்கு நான் ஒரு வழி சொல்லியிருப்பேன், விழுங்கிட்டேன்."

டோக்கன் கொடுக்கிறவன் மூன்றாம் வாரம் வந்து, "அம்மா, தினமும் வர்றீங்க, எந்த டாக்டரைப் பார்க்கணும்?" என்று கேட்டானாம். கேள்வி முடியும்வரை காத்திருந்து, யாரையும் இல்லை, உட்கார்ந்திருக்கிறேன் என்று பதில் சொன்னாளாம். எனக்கு வந்து சொன்னாள், பெரிய சங்கதியாக.

மூன்று மாதம் முடிந்து மறுபடி பரீட்சைக்குப் போனாள். நோயாளியாகப் படுத்திருந்தது வேறொருவர். போர்வை வேண்டாம், கால் பக்கம் மட்டும் மூடு, விளக்கை அணைக்காதே என்று நீளமாகச் சொன்னார். இவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கடைசி வார்த்தைவரை நின்றாள். அப்புறம் கால் பக்கம் மூடினாள். விளக்கைத் தொடவில்லை. தேறினாள்.

இப்போது அவள் அதே மருத்துவமனையில், எலும்பு முறிவு வார்டில் உதவியாளராக இருக்கிறாள். பகல் ஷிப்ட், மூன்றாவது மாடி, சனிக்கிழமை லீவு.